குஞ்சுப் பொரிப்பகத்துக்கு ஒரு புது முகவரி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் தொடங்கும் சமயத்தில், திண்டுக்கல் பக்கம் அகரத்தில் நடந்தது இது.

என் நாத்தனாரும் அவள் கணவரும் அங்கே தோட்டத்திலேயே நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் வெள்ளையடித்த ஓர் அறை, அறைக்குள் பீரோ உயரத்துக்கு இரண்டு இன்குபேட்டர்கள். சுற்றுவட்டாரப் பெண்கள் வீட்டுக்கோழி முட்டைகளைக் கூடையில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மூன்று வாரம் கழித்துக் குஞ்சுகளாக வாங்கிக்கொண்டு போவார்கள். முட்டைக்குள் இருக்கும் உயிரை நம்பி ஒப்படைக்கும் தொழில். ஒருமுறை நம்பிக்கை போனால் அடுத்த கூடை வராது.

முட்டைக்குச் சூடு ஒரே சீராக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் கரு செத்துவிடும். எப்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது என்பதால் கோயம்புத்தூரில் ஒருவரிடம் சின்னக் கருவி ஒன்று வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு குட்டிக் கணினி. சூடு ஏறினால் இணையம் வழியாகத் தகவல் அனுப்பி இவர்கள் கைபேசியை அலற வைக்கும். இரண்டு வருடமாக ஒழுங்காகத்தான் அலறியது.

அன்று மதியம் இருவரும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தார்கள். திரும்பிவந்து அறைக் கதவைத் திறந்ததும் அவித்த முட்டை வாடை அடித்திருக்கிறது. ஹீட்டரின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு அணையவே இல்லை. அத்தனையும் போய்விட்டது. கைபேசியில் ஒரு சத்தம் இல்லை. கருவியில் பச்சை விளக்கு மட்டும், எல்லாம் நலம் என்பதுபோல் எரிந்துகொண்டிருந்தது.

நான் திண்டுக்கல்லிலிருந்து போய்ச் சேர்ந்தபோது கொட்டகை வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒருவர் மட்டும் கீழே உட்கார்ந்து, தன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நாத்தனாரைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க ஆத்தா வீட்டுல இருந்து வந்த மொட்டக் கழுத்து வர்க்கம்த்தா அது. கோழிய போன வாரம் நாய் பிடிச்சிருச்சு. இந்த முட்டைதான் மிச்சமா இருந்துச்சு."

நாத்தனாரின் கணவர் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், அந்த ஊருக்கு இணைய இணைப்பு கொடுக்கும் தாடிக்கொம்பு பாயைக் கூப்பிட்டுக் கத்தினார். பாய் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தன் கைபேசியை எடுத்து, அதே இணைப்பில் படம் ஓட்டிக் காட்டினார்.

"பாருங்க தம்பி, லைன் ஓடுதா இல்லையா? எங்கிட்ட என்ன கோளாறு?"

கோயம்புத்தூர்க்காரரிடம் பேசினால், அவரும் சத்தியம் செய்தார்.

"ஏனுங்க, எங்க பெட்டி நூறு இடத்துல ஓடுதுங்க. லைனைப் பாக்கச் சொல்லுங்க."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதுதான் விசித்திரம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சென்னையில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். மகள் பிறந்தபோது வேலையை விட்டேன். திரும்ப வேலை தேடியபோது, நேர்காணலில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "நடுவில் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?" பதிலைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். நானே, எனக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று நம்பத் தொடங்கியிருந்த நேரம் அது.

அந்தக் கருவியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தால் நன்றாக வேலை செய்தது. அகரத்தில் மாட்டினால் ஊமையாகிவிட்டது. பாயிடம் துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. போன மாதம் அவருக்கு மேலே இருந்து இணைப்புக் கொடுப்பவர்கள் எல்லாவற்றையும் புது முறைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. பழைய முகவரி நான்கு எண்கள், நடுவில் புள்ளி. உலகத்தில் கருவிகள் பெருகப் பெருக அந்த முகவரிகள் தீர்ந்துபோயின. ஒரு காலத்தில் நம் வீட்டுத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் ஓர் இரண்டைச் சேர்க்கச் சொன்னார்களே, அதுபோல இதற்கும் நீளமான புது முகவரிகள் வந்தன. எண்ணும் எழுத்தும் கலந்து, புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி வைத்து எழுதப்படுபவை. பாயின் இணைப்பில் இப்போது புது முகவரி மட்டும்தான். கைபேசிகளுக்கு இரண்டும் தெரியும். அதனால் அவற்றுக்குப் பிரச்சினை இல்லை. நம் குட்டிக் கணினிக்குப் பழையது மட்டும்தான் தெரியும்.

கருவிக்குள் ஓடிய ஆப்பரேட்டிங் சிஸ்டம், உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுப்பது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். படித்தேன். அதில் எச்சரிக்கை அனுப்பும் பகுதி ஒன்று இருந்தது. பழைய காலத்தில் யாரோ சுருக்கமாக எழுதியது. பழைய முறையில் முகவரி முடிந்த பிறகுதான் முக்காற்புள்ளி வரும் என்பதால், முதல் முக்காற்புள்ளி வந்ததும் முகவரி முடிந்துவிட்டது என்று வெட்டிவிடுகிறது. புது முகவரியிலோ முக்காற்புள்ளி உள்ளேயே பல இடங்களில் வரும். கழுத்திலேயே வெட்டுப்பட்ட முகவரிக்குத் தகவல் எங்கே போகும்? அதைவிடக் கொடுமை, போகவில்லை என்பதை அது யாரிடமும் சொல்லாது. பச்சை விளக்கு, கம்பி இணைந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான்.

இதைப் பற்றி அந்தத் தன்னார்வலர் குழுவின் இணையப் பக்கத்தில் பல நாட்டுக்காரர்கள் வருடக்கணக்காகப் புகார் எழுதியிருந்தார்கள். கீழே ஒவ்வொருவரும், "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவரும் கையை வைக்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரரிடம் சொன்னேன். "நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா நானா உள்ள கைய வெச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா நூறு பெட்டிக்கும் நாந்தானுங்க பதில் சொல்லோணும். அவங்க பதிப்புல சேர்த்து வெளியிட்டாங்கன்னா அன்னிக்கே போட்டுடறேனுங்க" என்றார். அவர் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிந்தது.

இதற்கிடையில் அகரத்தில் நாத்தனாரும் அவள் கணவரும் முறை போட்டுக்கொண்டு இன்குபேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விசேஷத்துக்கும் சேர்ந்து போக முடியாது. "இப்படியே போனா ரெண்டு மெஷினையும் வித்துட்டு வெங்காயம் போட்டுரலாம்னு இருக்காரு அண்ணி" என்றாள் ஒருநாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. கோடை விடுமுறை முடிந்திருந்தது; மறுநாள் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் முறை சரிசெய்தபோது நானே ஆச்சரியப்பட்டுப்போனேன். விரல்களுக்கு எதுவும் மறக்கவில்லை. முகவரியைச் சரியாகப் பிரிக்கவைத்தேன். அதைச் சேமித்துவைக்கும் இடத்தைப் பெரிதாக்கினேன். பழையது, புதியது இரண்டையும் கேட்டு வாங்கும்படி மாற்றினேன். பெருமையோடு குழுவுக்கு அனுப்பினேன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்தவரிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. இது வேலை செய்யக்கூடும், ஆனால் இப்படி மொத்தமாக அனுப்பினால் சரிபார்க்க முடியாது, சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஏன் என்று எழுதி அனுப்பவும்.

அழுகை வந்தது. ஆனால் பிரித்துப் பார்க்கும்போதுதான் நானே செய்திருந்த இரண்டு தவறுகள் கண்ணில் பட்டன. மறுபடி அனுப்பினேன். இந்த முறை வேறொருவர் குறுக்கே வந்தார். புது முகவரி மட்டுமே இருக்கும் இணைப்பெல்லாம் ஆய்வுக்கூடங்களில்தான் உண்டு, நடைமுறையில் அதை நம்பி யாரும் இல்லை, இதற்காக நன்றாக ஓடும் ஒன்றைக் குலைக்க வேண்டுமா என்று நீளமாக எழுதினார். இன்னும் இரண்டு பேர் அதை ஆமோதித்தார்கள்.

அதைப் படித்தபோது நான் அகரத்தில், அந்தக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. என்ன நடந்தது என்று எழுதினேன். அழிந்த முட்டைகளைப் பற்றி, மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பற்றி எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்தேன்: "நடைமுறையில் யாரும் இல்லை என்கிறீர்கள். நான் இப்போது அப்படி ஓர் இணைப்பிலிருந்துதான் இதை எழுதுகிறேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவிக்கொண்டிருக்கிறது."

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. ஆனால் பொறுப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த இணைப்பில் ஒரு கணினியை எனக்குத் திறந்துவிட முடியுமா? நானே சோதித்துப் பார்க்க வேண்டும்."

இங்கே புது முகவரியின் அழகைச் சொல்ல வேண்டும். பழைய முறையில் ஊரே ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து ஒருவர் நேராக நம் கணினிக்கு வருவது நடக்காத காரியம். புது முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி. பாய் ஒரு வாசலைத் திறந்துவிட்டால் போதும். ஆனால் பாய் தயங்கினார்.

"என்னம்மா நீ? எந்த ஊர்க்காரனோ எவனோ, அவனுக்கு நம்ம லைனத் தொறந்துவிடச் சொல்றியே!"

"நம்ம லைன்ல கோளாறு இல்லேன்னு உலகத்துக்கே காட்டப்போறோம் பாய்."

பாய் சிரித்துவிட்டார். "அம்புட்டுப் பேரு முன்னாடி என்னையத் திட்டுன மாப்பிள்ளையும் பக்கத்துல நிக்கணும். அப்பத்தான் தொறப்பேன்."

அந்தச் சனிக்கிழமை காலை, பழைய மடிக்கணினி ஒன்றை முட்டைத் தட்டுகளை அடுக்கி அதன்மேல் வைத்தோம். பாய் தன் கைபேசி வழியாகவே அலுவலக இயந்திரத்தில் அந்த ஒரு கணினிக்கு மட்டும் வழிவிட்டார். நாங்கள் நான்கு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். திடீரென்று எழுத்துகள் தாமாக ஓடத் தொடங்கின.

"அண்ணி! யாரு அடிக்கிறா? நீங்க கையவே வைக்கலையே!"

"அவர்தான் வந்துட்டார்."

"நம்ம கொட்டாய்க்குள்ளயா?" என்று நாத்தனார் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதலில் பழைய நிரலை ஓட்டினார். அது ஊமையாகவே நின்றது. எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை. "உண்மைதான்" என்று தட்டினார். அடுத்து என் நிரல். தகவல் போனது. நாத்தனாரின் கைபேசி அலறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு நாள் கழித்து அவள் சிரித்தாள். இன்னொரு சோதனை, அதிலும் ஜெயித்தது. அதற்கடுத்ததும்.

கடைசியாக ஒன்று வைத்தார். தகவல் போய்ச் சேரும் இடத்துக்கு இரண்டு முகவரிகள் இருக்கின்றன, அதில் ஒன்று செத்துக்கிடக்கிறது என்று வைத்துக்கொண்டால்? என் நிரல் அந்தச் செத்த முகவரியையே கூப்பிட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. கைபேசி அலறவில்லை. "இங்கே சிக்கிக்கொண்டது" என்று திரையில் வந்தது.

தகரத்துக்குக் கீழே வெயில் கொளுத்தியது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லத்தான் போனேன். சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுங்கள்" என்று தட்டினேன். அவரும் போகாமல் காத்திருந்தார். பாய் ஒரு விசிறிமட்டையை எடுத்து என்னையும் கணினியையும் மாறி மாறி விசிறினார். ஒரு முகவரி குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், எதுவுமே கிடைக்காவிட்டால் பச்சை விளக்கை அணைத்துவிட வேண்டும். அதை எழுதினேன். அங்கேயே, அவர் கண் முன்னாலேயே, ஒவ்வொரு வரியாக.

ஓட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நாத்தனாரின் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கைபேசி அலறியது பாருங்கள்! பாய் விசிறியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். திரையில், "ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சேவலுக்கும் என் வணக்கம்" என்று வந்தது.

நாத்தனாரின் கணவர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசுல வச்சுக்காதீங்க பாய்" என்றார். "அத விடுங்க தம்பி. எம் நம்பரையும் அந்த அலாரத்துல சேத்துவிடுங்க. நானும் கேக்கணும்ல" என்றார் பாய்.

சில மாதங்களில் புதுப் பதிப்பு வெளியானது. கோயம்புத்தூர்க்காரர் சொன்ன சொல் மாறாமல் எல்லாப் பெட்டிகளிலும் ஏற்றினார். ஆனால் உண்மையான சோதனை அதன் பிறகுதான் வந்தது.

பழனியில் ஒரு கல்யாணம். நாத்தனாரும் அவள் கணவரும் எவ்வளவோ நாள் கழித்துச் சேர்ந்து கிளம்பினார்கள். அன்று கூடையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முட்டைகளும் அந்த முறை இன்குபேட்டரில் இருந்தன. தன் தங்கை வீட்டில் அதே வர்க்கத்துக் கோழி ஒன்று மிஞ்சியிருப்பதைக் கண்டுபிடித்து, அந்த முட்டைகளைக் கேட்டு வாங்கி, மறுபடியும் இவர்களை நம்பியே கொடுத்திருந்தார்.

நான் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் நின்றிருந்தேன். என் எண்ணும் அந்த அலாரத்தில் இருந்தது. கைபேசி அலறியது. உடனே பாயைக் கூப்பிட்டேன்.

"எனக்கும் வந்துருச்சும்மா! வண்டியிலதான் போயிட்டு இருக்கேன். வையி போனை!"

இன்குபேட்டரில் காற்றைச் சுற்றிவிடும் மின்விசிறி நின்றுபோயிருந்தது. ஒரு பக்கம் மட்டும் சூடு ஏறிக்கொண்டிருந்தது. பாய் போய் ஹீட்டரை அணைத்தார். கல்யாண மண்டபத்தின் மேளச் சத்தத்துக்கு நடுவே நாத்தனார் கைபேசியில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தாள்.

"கதவ ஒருச்சாச் சாத்தி வைங்க பாய்! முழுசாத் தொறந்தா குளுந்துரும்!"

நான் ஆட்டோவில் போய் இறங்கியபோது பாய் இன்குபேட்டர் கதவைக் கையால் பிடித்தபடி, வெப்பமானியிலிருந்து கண் எடுக்காமல் நின்றிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. மெக்கானிக் வந்து விசிறியை மாற்றிய பிறகு ஒரு முட்டையை எடுத்து விளக்கொளியில் பிடித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு சிறு நிழல் புரண்டது. பாய், "அல்ஹம்துலில்லா" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குஞ்சு பொரித்த அன்று கொட்டகையில் திருவிழா மாதிரி கூட்டம். அந்தப் பெண் ஒரு குஞ்சைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆத்தாடி, அதே கழுத்துத்தா! அதே கழுத்து!" என்று எல்லாரிடமும் காட்டினார். எனக்கு யாரோ பட்டம் கொடுத்து மாலை போட்டதுபோல் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. முகம் தெரியாதவர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. மலை உச்சியில் வானிலைக் கருவி வைத்திருப்பவர், இப்போதுதான் அது மறுபடி பேசுகிறது என்று எழுதினார். இன்னொரு நாட்டில் ஒரு சிறிய மருத்துவமனையில் தடுப்பூசிக் குளிர்பெட்டியைக் கவனிக்கும் செவிலியர் நன்றி சொன்னார். புது முகவரியை மட்டும் நம்பி யாரும் இல்லை என்று எழுதியவரும், தான் நினைத்தது தவறு என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதினார். அடுத்து நான் போன நேர்காணலில் அதே கேள்வியைக் கேட்டார்கள். நான் பேசிக்கொண்டிருக்கவில்லை. குழுவின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அன்று மாலையே வேலை உறுதியானது. திண்டுக்கல்லிலிருந்தே செய்கிறேன்.

இப்போது அந்த எச்சரிக்கைப் பகுதிக்கு நானும் ஒரு பொறுப்பாளர். எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதும் மாற்றங்கள் என் மேசைக்கு வருகின்றன. சில சமயம் மிக மோசமாக எழுதப்பட்டவையும் வரும். ஒதுக்கித்தள்ளக் கை போகும்போதெல்லாம், இதை அனுப்பியவரின் ஊரில் யாருடைய கூடை காத்துக்கிடக்கிறதோ என்று ஒரு கணம் நின்று யோசிக்கிறேன்; வருடக்கணக்காக எல்லாரும் புகார் மட்டும் எழுதிவிட்டுப் போன ஒரு வேலையை என்னாலும் முடிக்க முடிந்தது என்ற சந்தோஷம், இன்றும் ஒவ்வொரு நாள் காலையிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.